மார்கழிக்குள் பிறக்கவேண்டுமாம் பிள்ளை

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
திருவருகைக்கால மூன்றாம் ஞாயிறு

அன்பு மகள் சர்மிளாவுக்கு,

ஆண்டவரின் இரக்கத்தால் இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே ஹூஸ்டனில் நீயும் மருமகன் டெனிஸ்டனும் உன் வயிற்றில் இருக்கிற சின்ன உயிரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் பூசையில் முழங்காலில் நிற்கும்போதெல்லாம் கேட்கிறேன். தொலைபேசியில் கதைத்தால் நீ சரியம்மா சரியம்மா என்று வைத்துவிடுகிறாய், எனக்குச் சொல்லவந்தது பாதியில் நின்றுவிடுகிறது, அதனால் இதை எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன், ஆறுதலாக இருந்து வாசி. இங்கே பனி கொட்டுகிறது. வெளிப்படி வழுக்குகிறது என்று அப்பா தினமும் உப்புப் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார். நான் சமைக்கிற கார்டெரியில், அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகள் எல்லாருக்கும் இருமல். மற்றப்படி எல்லாம் வழமைபோலத்தான், என் தலைதான் வழமைபோல இல்லை.

போன கிழமை நீ போன் எடுத்து, "அம்மா, பிள்ளையை மார்கழி முப்பத்தொண்டுக்குள்ள எடுக்கேலுமோ எண்டு டொக்டரிட்டைக் கேக்கப்போறம்" என்று சொன்னாய். தை நடுப்பகுதியில்தானே நாள் குறித்தார்கள், பிள்ளைக்கு ஏதும் பிழையோ என்று கேட்டேன். நீ "பிள்ளைக்கு ஒண்டுமில்லையம்மா, இது இன்சூரன்ஸ் விசயம், டிடக்டிபிள்" என்றாய். பிள்ளை பிறக்கிற நாளுக்கும் உன் கம்பனிக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவே இல்லை.

அப்பாவைக் கேட்டேன். அவர் எல்லாம் தெரிந்தவர்போல "ஓம் ஓம், அதுதான் பிரான்ஷீஸ்" என்றார். அவர் வேலைசெய்கிற புவாண்ட்-கிளேர் வெயர்ஹவுஸிலும் மருந்துக்குக் காப்புறுதி இருக்கிறது, வருடம் தொடங்கியதும் முதல் கொஞ்சக் காசு நாங்கள்தான் பாமசியில் கட்டவேண்டும், பிறகுதான் அவர்கள் கட்டுவார்கள், அந்த முதல் காசுக்குப் பிரெஞ்சில் அப்படித்தான் பெயராம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் பிரான்சைஸ் என்று டோனட் கடை நடத்தக் கொடுப்பார்களே, அப்படி ஒரு கடையைக் கம்பனி தனக்குத் தரப்போகிறது என்று இவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். சரி, மருந்துக்கு விளங்குகிறது, பிள்ளைப்பேற்றுக்கு ஏன் என்று கேட்டேன். உன்னைப் பெற்றபோது சூரியன் படம் போட்ட அரசாங்க மருத்துவக் கார்டைத்தான் காட்டினோம், ஒருவரும் காசு கேட்கவில்லை. கடைசியில் "பேந்து றெக்ஸ் அண்ணையைக் கேப்பம்" என்று விட்டுவிட்டார்.

றெக்ஸ் அண்ணை எங்கள் பங்கில்தான், காப்புறுதிக் கந்தோரில் கனகாலம் இருந்து ஓய்வுபெற்றவர். போன ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது பிடித்தேன். "தங்கச்சி, மகளின்ரை கம்பனிப் பிளானில ஒரு தொகை வைச்சிருப்பினம். அந்தத் தொகை வரைக்கும் ஆஸ்பத்திரிச் செலவை அவதான் கட்டவேணும். தாண்டினாப் பிறகுதான் காப்புறுதி பெரிய பங்கைக் கட்டும். இந்த வருசம் பித்தப்பை ஒப்பரேசனோட அவ கட்டி முடிச்சிட்டா. தை முதலாந் திகதி புது வருசம் பிறந்தா அது திரும்பப் பூச்சியத்தில இருந்து தொடங்கும்" என்றார். அந்த நேரம் நன்றாக விளங்கியது. கோயில் படி இறங்கி வரும்போது திரும்பவும் குழம்பிவிட்டது. மாதாமாதம் உன் சம்பளத்தில் வெட்டுகிறார்களே, அது அப்ப எதற்கு? முப்பத்தோராம் திகதி வலி தொடங்கி, முதலாம் திகதி பிள்ளை பிறந்தால் அது எந்த வருடக் கணக்கு? திரும்ப ஏறிப் போய் இதைக் கேட்டேன். றெக்ஸ் அண்ணையே தலையைச் சொறிந்துகொண்டு "அது பிளானைப் பொறுத்தது தங்கச்சி, கம்பனியைத்தான் கேக்கவேணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து மரக்கறி வெட்டும்போதுதான் ஒன்று உறைத்தது. இளவேனிலில் அந்தப் பித்தப்பை வயிற்றுவலியோடு கிழமைக்கணக்காக ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தாயே, ஏன் என்று கேட்டபோதும் நீ இதே டிடக்டிபிள் என்ற சொல்லைத்தான் சொன்னாய். நான் ஏதோ மருந்தின் பெயராக்கும் என்று நினைத்தேன். கத்தியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்து அழுதேன். அப்பா வெங்காயமோ என்று கேட்டார், ஓம் என்றேன்.

வெள்ளிக்கிழமை நீ திரும்பப் போன் எடுத்து அழுதழுது சொன்னாய். பிள்ளை நல்ல சுகம், மருத்துவக் காரணம் ஒன்றும் இல்லாமல் இவ்வளவு முந்தி எடுக்கமாட்டேன், சுவாசப்பைக்கு இன்னும் நாள் வேண்டும் என்று டொக்டர் மறுத்துவிட்டாராம். நல்லதுதானே மகள் என்றேன், நீ இன்னும் அழுதாய், பிறகு சிரித்தாய். டெனிஸ்டன் போனை வாங்கி "மாமி, அவவுக்குச் சந்தோசம்தான், யோசியாதேங்கோ" என்றார். காசை நினைத்து அழுதாயா, பிள்ளை பத்திரம் என்று அழுதாயா, அப்படி ஒன்றைக் கேட்கவேண்டி வந்ததே என்று அழுதாயா, எனக்கு இன்னும் தெரியவில்லை. உனக்கே தெரியுமோ என்னவோ. ஒன்று மட்டும் சொல்கிறேன், கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. டெனிஸ்டன் வேலைசெய்கிற கடையில் காப்புறுதி இல்லை, எல்லாம் உன் தலையில் நிற்கிறது, அப்படி நிற்கிற ஆள் எல்லாக் கதவையும் தட்டித்தான் பார்க்கும்.

நத்தாருக்கு அடுத்த நாள், இருபத்தாறாம் திகதி, நான் அங்கே வருகிறேன். கார்டெரி முதலாளியம்மா எப்ப திரும்புவாய் என்று கேட்டா, பிள்ளைதான் சொல்லவேண்டும் என்றேன், அவவும் குழம்பிப்போனா. காசு விசயத்தில் அப்பா உதவுவார், வேண்டாம் என்று அவரோடு மல்லுக்கட்டாதே, அவருக்கும் ஏதாவது செய்யவேண்டும்போல இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கந்தோரில் மாதாமாதம் கட்ட விடுவார்களோ என்று இப்போதே கேட்டுவை. பிள்ளை பிறந்த கையோடு உன் காப்புறுதியில் அதைச் சேர்க்கவேண்டுமாம், அதற்குக் குறித்த நாள் தப்பினால் பெரிய கரைச்சலாம், றெக்ஸ் அண்ணை இரண்டுதரம் சொல்லிவிட்டார். ஞானஸ்நானத்துக்கு முதல் காப்புறுதி, இதுவும் எனக்கு விளங்காத ஒன்றுதான், ஆனால் செய்.

மடு மாதா உன்னையும் பிள்ளையையும் தன் சேலைக்குள் வைத்துக் காப்பாற்றுவாராக. மருமகனுக்கும் எங்கள் ஆசீர். மகள், நான் வந்துசேர முதல் வலியோ இரத்தமோ, என்னவென்று தெரியாத ஒரு பயமோ வந்தால், அன்றைக்கு என்ன திகதி என்று பார்க்காதே. காரில் ஏறு.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா
இமெல்டா ஜெராட்