ஹெலனுக்கு அர்த்தம் சொன்ன அக்காவுக்கு

போன வாரம் பாலிக் புலாவ் பசாரில் சீனி போட்ட ஜாதிக்காய் டப்பாவைத் திறந்து, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்துகொண்டிருந்தேன். கையும் களவுமாகப் பிடிபட்டேன், அக்கா. "மூக்கால சாப்பிட முடியாதுலா, ஆன்ட்டி!" என்று கடைக்காரி மலாயில் கத்த, பசாரே திரும்பிப் பார்த்தது. ஐம்பது வயசு மானம் அங்கேயே போயிற்று.

உங்கள் வாசம் அது. பக்கத்து ஃபிளாட் கதவு திறந்தால் முதலில் ஜாதிக்காய் வரும், பின்னால் நீங்கள், அதற்கும் பின்னால் அன்றைய ஊர்வம்பு.

என் மகள் பூச நட்சத்திரத்தில் பிறந்தாள். 'ஹே'யில் பேர் வைக்கச் சொன்னார் கோயில் ஐயர். "அப்ப ஹேமா!" என்றார் மாமியார். கல்யாணத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிய பெண்ணின் பேர் அது. மாமியாருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும், உங்களுக்கு எதுதான் தெரியாது? அந்தப் பேரை ஆயுசுக்கும் என் வாயால் கொஞ்சுவதா? அழுதுகொண்டே உங்களிடம் ஓடிவந்தேன்.

உங்கள் சர்ச்சில் யார் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றாலும் பேர் கேட்டு உங்களிடம்தான் வருவார்கள். கொஞ்சமும் யோசிக்காமல் "ஹெலன்" என்றீர்கள். அன்றே வந்து மாமியார் எதிரில் உட்கார்ந்தீர்கள்.

"வெள்ளைக்காரி பேரா? எங்க வீட்டுக்கா?"

"வெள்ளைக்காரியே இரவல் வாங்கின பேருதான் பெரியம்மா. கிரேக்க பாஷை. வெளிச்சம்னு அர்த்தம். உங்க ஜோதியேதான், கவுன் போட்டுக்கிட்டு வந்திருக்கு. பூசத்துல பொறந்த புள்ளைக்கு வேற என்ன வேணும்?"

மாமியார் குழந்தையை உற்றுப் பார்த்துவிட்டு, "முகத்துல இருக்குதான்" என்றார். என் வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு இன்னும் கிட்டே பிடித்துக்கொண்டார்.

வாசலில் என் காதைக் கடித்தீர்கள்: "அந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்கும் சரியாத் தெரியாதுடி. தீப்பந்தம்ங்கிறான் ஒருத்தன், நிலாங்கிறான் இன்னொருத்தன். பெரியம்மாவுக்கு ஒண்ணு போதும்."

நீங்கள் கண்ணை மூடிய பிறகு, பேர் வைக்க யோசனை கேட்டு நம் மாடிக்காரர்கள் என்னிடம் வருகிறார்கள். அர்த்தம் தெரிந்தால் சொல்கிறேன். தெரியாவிட்டால் உங்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டு "வெளிச்சம்" என்கிறேன். இதுவரை ஒருவரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. பிள்ளைகளும் நன்றாகத்தான் வளர்கிறார்கள்.

நம் மகளை ஹெலன் என்று வாய் நிறையக் கூப்பிட்டது நீங்கள் ஒருவர்தான், அக்கா. வீட்டில் மாமியார், அவர், நான், எல்லோருக்கும் அவள் அன்றிலிருந்து இன்றுவரை வெறும் பாப்பா.