குசுமி கடை ஷட்டர்

அக்டோபர் 3, 2001, புதன்

எங்கள் வீடியோ விளையாட்டு வெளியாகி மூன்று வாரம் ஆகிறது. ஒரு வருடத்தில் இன்றுதான் இருட்டுவதற்கு முன்னால் வீடு திரும்பினேன். வழியில் எங்கள் தெரு குசுமி சானின் சோயாத் தோஃபுக் கடையில் ஒரு கட்டி, இரண்டு பொரித்தது வாங்கினேன். “ஹிராய் சான், வெளிச்சத்துல உங்க முகம் இப்படித்தான் இருக்குமா? நான் வேற யாரோன்னு நெனச்சேன்” என்றார் மனுஷன்.

நான் குழந்தைகளுக்குப் படம் வரைகிற கம்பெனியில் இருப்பதாக அவருக்கு எண்ணம். பாதி உண்மைதான். சக்கர ஷூ மாட்டிய பிள்ளைகள், போலீஸ் வருவதற்குள் ஊர்ச் சுவரெல்லாம் ஸ்ப்ரே பெயின்ட் அடித்துவிட்டு ஓட வேண்டும். அதுதான் எங்கள் விளையாட்டு. அடிக்கிற படம் அத்தனையும் என் கை. மூன்றாவது கட்டத்தில் வரும் ஷட்டர் குசுமி சானுடையது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரையும் கேட்காமல் போட்டோ எடுத்தேன். பெயர்ப்பலகையை அழித்துவிட்டு, ஏழாவது தகட்டில் இருக்கும் நசுங்கலை மட்டும் அப்படியே விட்டேன். பார்க்க நன்றாக இருந்தது.

அக்டோபர் 19, வெள்ளி

காலையில் ஸ்டேஷனுக்குப் போகும்போது பார்த்தேன். கடை திறந்திருக்க வேண்டிய நேரத்தில் ஷட்டரை இறக்கி வைத்து குசுமி சானும் மனைவியும் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஷட்டர் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பேத்தை மீன், அடியில் நாலு சக்கரம்.

என் மீன். விளையாட்டுக்காக நான் வரைந்த அதே மீன்.

“என்னத்த வரைஞ்சிருக்கான் பாருங்க. கத்திரிக்காய்க்குச் சக்கரம் மாட்டியிருக்கான்” என்றார் அவர் மனைவி ஃபூமியே சான். மீன் மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். ரயிலுக்கு நேரமாச்சு என்று ஓடிவிட்டேன்.

அக்டோபர் 22, திங்கள்

ரசிகர்களின் இணையப் பக்கத்தில் அந்த ஷட்டரின் படம் வந்திருக்கிறது. ‘நிஜ இடம் கிடைத்துவிட்டது, ஏழாவது தகட்டைப் பாருங்கள்’ என்று தலைப்பு. எங்கள் விளையாட்டின் இயக்குநர் செகிமோதோ அதைப் பெரிதாக அச்செடுத்து ஆபீஸ் சுவரில் மாட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் எப்படி நிற்பது?

பிறகு அவரிடம் தனியாகப் போய், அது என் தெருக் கடை, ஆள் இருக்கிற கடை என்றேன். “பெட்டியிலயே ‘நிஜத்துல செய்யாதீங்க’ன்னு போட்டிருக்கோமே. இதுக்கு மேல என்ன செய்யணும்ங்கிற? வெளியில போய் வாயத் திறக்காத ஹிராய். கம்பெனி பேரு சந்தி சிரிக்கும்.” சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

நவம்பர் 5

ஷட்டரில் மறுபடி மீன். மூன்றாவது தடவை.

நவம்பர் 14, புதன்

பெயின்ட்டைக் கரைக்கத் தின்னர் போடுகிறார்கள். தண்ணீரில் கிடக்கும் தோஃபு, பக்கத்தில் என்ன வாசனை இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். பாலர் பள்ளி வாங்குவதை நிறுத்திவிட்டது. “பிள்ளைங்க மோந்து பார்த்துட்டு வச்சிட்டாங்களாம். பிள்ளைங்க நாக்கு பொய் சொல்லாது” என்று குசுமி சான் சிரித்தார். நான் வாங்கி வந்ததிலும் வாசனை இருந்தது. முழுவதையும் சாப்பிட்டேன். அதனால் யாருக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை.

நவம்பர் 24, சனி

நானும் போய்த் தேய்த்தேன். வாலிலிருந்து தொடங்கினால் சீக்கிரம் போகும், அங்கேதான் பெயின்ட் மெல்லிசு. ஃபூமியே சான் நின்று பார்த்தார். “எங்க ஆரம்பிக்கணும்னு தெரிஞ்சு தேய்க்கிறீங்களே. கைராசிதான்.”

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் குசுமி சான் சூடான சோயாப்பால் கொண்டுவந்து நீட்டினார். குடித்தேன். சீ, நானும் ஒரு மனுஷியா.

டிசம்பர் 2, ஞாயிறு

இப்படி ஒன்று வரும் என்று நான் நினைக்கவே இல்லை. ஷட்டரில் நல்ல படம் ஒன்று இருந்தால் அதன்மேல் யாரும் பெயின்ட் அடிக்க மாட்டார்கள் என்று அடுத்த கடை முடிதிருத்துபவர் யோசனை சொன்னாராம். “நம்ம தெருவுலயே வரையற ஆளு இருக்கும்போது வெளியில எதுக்குத் தேடணும்? இனிமே தின்னர் தொடவே வேணாம் பாருங்க” என்று குசுமி சான் என் கதவில் நின்று குனிந்து கேட்கிறார். எழுபது வயசு ஆள்.

மாட்டேன் என்றால் காரணம் கேட்பார். வரைந்தால் அந்தப் பசங்களுக்கு என் கை தெரியும். ஒரு கோடு போதும் அவர்களுக்கு. என்ன செய்ய? எனக்கு யோசிக்கவே வரவில்லை.

சரி என்றுவிட்டேன்.

டிசம்பர் 9, ஞாயிறு

இடது கையால் வரைந்தேன். சோயாச் செடி, தோஃபு, அதிலிருந்து எழும் ஆவி. என் வாழ்நாளில் இவ்வளவு மட்டமாக வரைந்ததில்லை. “நெசமாவே ஆவி பறக்குற மாதிரி இருக்கு” என்று இருவரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மத்தியானம் சாப்பாடு போட்டார்கள். ஃபூமியே சான் என் தட்டு காலியாக விடவில்லை.

டிசம்பர் 20, வியாழன்

ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கோடு முடியும் இடத்தில் நான் ஒரு சின்னக் கொக்கி போடுவேனாம். எனக்கே தெரியாது. இடது கையிலும் அது வந்திருக்கிறது. ‘வரைந்தவரே நேரில் வரைந்தது, இதை யாரும் தொடாதீர்கள்’ என்று இணையப் பக்கத்தில் எழுதியிருக்கிறான் ஒருவன்.

தொடவில்லை. அந்த மட்டும் மரியாதை தெரிந்த பிள்ளைகள். சைதாமா மாகாணத்திலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டு, வந்ததற்கு அடையாளமாகப் பக்கத்துச் சுவர்களில் அடித்துவிட்டுப் போகிறார்கள். முடிதிருத்தும் கடை, மருந்துக் கடை, பொதுக் குளியல் கடை எதுவும் மிச்சமில்லை. குசுமி கடை ஒன்றுதான் சுத்தமாக இருக்கிறது.

ஜனவரி 14, திங்கள்

முடிதிருத்துபவர் குசுமி சானுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார். யோசனை சொன்னதே அவர்தான்! “உன் படத்தாலதான் எங்க தலையில விடிஞ்சுது” என்று நடுத்தெருவில் கேட்டாராம். குளியல் கடைக்காரர் புது வருஷ வாழ்த்து அட்டைகூட அனுப்பவில்லையாம். ஃபூமியே சான் எனக்குச் சில்லறை தரும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

ஜனவரி 27, ஞாயிறு

காலையில் போய்ப் பார்த்தால் ஷட்டர் முழுக்கச் சாம்பல் நிறம். மத்தியானம் குசுமி சான் என் வீட்டுக்கு வந்தார். கோட்டு போட்டிருந்தார், கையில் துணியில் கட்டிய இனிப்புப் பெட்டி. “அவ்வளவு சிரமப்பட்டு வரைஞ்சு குடுத்தீங்க. உங்களக் கேக்காம அழிச்சிட்டேன். மன்னிச்சிடணும்.” வாசலிலேயே இடுப்பு வளையக் குனிந்தார்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். போட்டோ எடுத்தது, நசுங்கலை விட்டது, மீன் என்னுடையது, சொல்லாமல் மறைத்தது, எல்லாம். அழுதுகொண்டே சொன்னேன்.

அவர் பதறிப்போனார். “ஐயோ, நீங்க ஏன் இப்படியெல்லாம் பேசறீங்க? கம்பெனியில நூறு பேரு இருப்பாங்க, அதுக்கு நீங்களா பொறுப்பு?”

“இல்ல குசுமி சான், நெசமாவே நான்தான். மரியாதைக்குச் சொல்லல.”

“சரி சரி. அழிச்சது என் தப்பு, வரைஞ்சது உங்க தப்பு. கணக்கு சரியாப் போச்சு. போதுமா?” என் மனசு நோகாமல் இருக்க என்னைப் பழி ஏற்க விடாமல் தடுப்பதுபோல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சிரித்தார். நம்பவில்லை. என்ன சொன்னாலும் நம்பமாட்டார். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 8

அந்தப் பெண் எல்லாப் பழியையும் தன்மேல் போட்டுக்கொண்டது என்று ஃபூமியே சான் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார். இன்று முடிதிருத்துபவர் என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

மார்ச் 11, திங்கள்

வீடு வீடாகச் சுற்றும் தெரு அறிவிப்பு அட்டை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. குப்பை எடுக்கும் நாள் மாற்றம், அதற்குக் கீழே குசுமி சான் கையெழுத்தில் மூன்று வரி. கடை இம்மாதம் 31-ஆம் தேதியோடு மூடப்படுகிறது. நாற்பத்திரண்டு வருட ஆதரவுக்கு நன்றி. எங்கள் கடையால் தெருவுக்கு நேர்ந்த தொந்தரவுக்கு அனைவரும் மன்னிக்க வேண்டும்.

அட்டையின் ஓரத்தில் வீட்டுக்கு ஒரு கட்டம், ‘பார்த்தேன்’ என்று முத்திரை வைக்க. ஹிராய் என்ற கட்டத்தில் வைத்தேன். கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அட்டையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனேன். பத்து மணிக்கு விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கான கூட்டம்.