மண் போட்டுக் கழுவிய கை

பிரிக்ஃபீல்ட்ஸ்
6 மே 2025

அன்புள்ள இஷ்ரத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கூச்சிங் கண்காட்சிக்குக் கொண்டுபோன துணி ஒன்றுவிடாமல் விற்றுவிட்டது. இந்தச் சந்தோஷத்தை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? நீ கோபித்துக்கொண்டு பண்டமாரானில் உன் அண்ணன் வீட்டுக்குப் போய் நான்கு மாதமாகிறது. என் எண்ணையும் பிளாக் செய்துவிட்டாய். இப்போது அதற்கும் வேலையில்லை. கூச்சிங்கில் படகேறும்போது போன் ஆற்றில் விழுந்துவிட்டது. அதனால்தான் லோரிக்கார நாகையா அண்ணனிடம் கடிதம்.

கூச்சிங்கிலிருந்து கிளம்பும் அன்று அங்கே சாப்பாட்டுக் கடை வாசலில் ஒரு நாய்க்குட்டி கையைக் கவ்விவிட்டது. கொஞ்சம் ரத்தம். உடனே ஏழு முறை கழுவினேன், அதில் ஒரு முறை மண் கரைத்த தண்ணீரால். முறைப்படி எல்லாம் முடிந்தது, கவலைப்படாதே.

அடுத்த கண்காட்சிக்கு இப்போதே இடம் கேட்டிருக்கிறேன்.

உன்
இக்ராம்

*

பண்டமாரான்
7 மே 2025

மச்சான்,

வஅலைக்கும் ஸலாம். துணி விற்றதை முதலில் எழுதிவிட்டு, நாய் கடித்ததை நடுவில் ஒளித்திருக்கிறீர்கள். பழைய கடை கைவிட்டுப் போனதைக்கூட பிரியாணி பரிமாறும்போதுதான் சொன்னீர்கள். இந்தப் பழக்கத்தால்தான் நான் பெட்டியைத் தூக்கினேன்.

கூச்சிங் இருக்கும் சரவாக்கில் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. ஏழு முறை கழுவினால் தொழுகைக்குக் கை சுத்தம். உள்ளே போன கிருமிக்கு ஊசி வேண்டும். நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிறகு காப்பாற்ற முடியாதாம்.

கடைக்கு அடித்துப் பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை. நாகையா அண்ணன் இன்ஜினை நிறுத்தாமல் வாசலில் நிற்கிறார். உங்களை நேரே மருத்துவமனைக்கு ஏற்றிப்போகச் சொல்லியிருக்கிறேன். அடம்பிடித்தால் தூக்கி லோரியில் போடச் சொன்னேன். தயவுசெய்து போங்கள்.

இஷ்ரத்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
8 மே 2025

அன்புள்ள இஷ்ரத்துக்கு,

நேற்றே ஊசி போட்டாயிற்று, அல்ஹம்துலில்லாஹ். "தங்கச்சி சொல்லிருச்சு பாஸ், பேசாம ஏறுங்க லா" என்று நாகையா அண்ணன் கடையைப் பூட்டக்கூட விடவில்லை.

கடித்த நாய்க்குட்டியைப் பற்றி விசாரிக்கச் சொன்னார் டாக்டர் விஷ்ணுப்ரியா. நாகையா அண்ணன் போனிலேயே கண்காட்சிக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். குட்டி செத்துவிட்டதாம். காயத்தைச் சுற்றி ஊசி, தோளில் ஊசி. "கழுவுனது நல்லதுதான் அங்கிள். ஆனா காயத்துல மண்ணு வேணாம். இப்பவாவது வந்தீங்களே" என்றார். மிச்ச ஊசிகளில் ஒன்றையும் தவறவிடக் கூடாதாம். விடமாட்டேன்.

நான் மிகவும் பயந்தேன், இஷ்ரத். இதை நடுவில் ஒளிக்காமல் தனி வரியாக எழுதுகிறேன்.

அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று நர்ஸ் கேட்டார். உன் எண்ணைக் கொடுத்தேன். என்ன உறவு என்றார். மனைவி என்றேன். தப்பென்றால் சொல், மாற்றிவிடுகிறேன்.

உன்
இக்ராம்

*

பண்டமாரான்
9 மே 2025

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாளை உங்களுக்கு அடுத்த ஊசி என்று நினைவுபடுத்த இன்று காலை மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். "இக்ராமோட மனைவிதானே பேசுறீங்க?" என்று கேட்டார்கள். என் அண்ணன் சாப்பாட்டில் கைவைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆமாம் என்றேன்.

இந்தக் கடிதம் இன்று வரும். நாளைக் காலை அதே லோரியில் நானும் என் பெட்டியும் வருகிறோம். ஊசி போடும்போது பக்கத்தில் இருப்பேன். வீட்டைக் கூட்டி வையுங்கள். இனி நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் சேர்ந்து வந்தால், கெட்டதை எனக்கு முதலில் சொல்லுங்கள்.

உங்கள்
இஷ்ரத்