கலைமதி மறுத்துச் சொன்னவை

ஜனவரி 20, திங்கள்

தர்மபுரிப் பக்கம் இண்டூர் மாமன்னனும், மூன்று தாலுகாவில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுவதில் நிகரற்றவனுமாகிய தீர்த்தகிரி என்னும் நான், நாற்பத்தெட்டாம் வயதில், முழு சுயநினைவோடு உறுதி கூறுகிறேன்: இந்த நோட்டில் வரப்போகும் கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை.

பொங்கல் முடிந்து தங்கை மணிமேகலையும் மாப்பிள்ளை ராஜாவும் பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் கார்மெண்ட்ஸ் வேலை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் மகள் கலைமதியை என்னிடம் விட்டிருக்கிறார்கள். நாலு வயது. ஜூனில் அங்கே எல்கேஜி. பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்களாம்: பிள்ளை தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தானே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இவளோ ஒற்றைச் சொல் மகாராணி. "தண்ணி." "பந்து." "வெளிய." அதற்கு மேல் ஒரு சொல் வராது. அந்த ஒரு சொல்லுக்கு அரண்மனையே குலுங்கிக்கொண்டு ஓடும். அரண்மனையில் இருப்பது நான் ஒருவன்தான்.

ஜனவரி 23

அங்கன்வாடியில் விட்டேன். சானியா டீச்சர் அரைமணி நேரம் எங்களைக் கவனித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்.

"தப்பு பாப்பா மேல இல்லீங்கண்ணா. உங்க மேலதான்."

"நான் என்னங்க பண்ணேன்?"

"அது 'பந்து'ன்னு வாய மூடறதுக்குள்ள நீங்க பந்தோட நிக்கிறீங்க. அப்பறம் அது எதுக்குப் பேசும்? ஓடாதீங்க. 'பந்து என்ன பண்ணணும்?'னு கேளுங்க. அது சொல்ற வரைக்கும் உக்காருங்க."

உட்காருவதா! ஓடியே பழகிய இந்தக் காலா?

ஜனவரி 24

உட்கார்ந்தேன். அவள் "தண்ணி" என்றாள். "தண்ணி என்ன பண்ணணும்?" என்றேன். அவள் அழுதாள். எழுந்து ஓடினேன்.

ஜனவரி 29

உலக வரலாற்றில் முதன்முறையாக இன்று ஒரு கண்டுபிடிப்பு நிகழ்ந்தது.

காலையில் அவள் "இட்லி" என்றாள். அலுப்பில் உளறினேன்: "இட்லியா? ராத்திரி யானை வந்து நாப்பது இட்லிய தின்னுட்டுப் போயிடுச்சே."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யானை வரல."

இரண்டு சொல்! தட்டு என் கையிலிருந்து விழுந்து பூமி பிளந்தது. (விழுந்தது. பிளக்கவில்லை.)

"அப்ப இட்லி எங்க?"

"இட்லி குண்டால இருக்குது!" அடுப்பு மேலிருந்த பாத்திரத்தைக் காட்டினாள்.

டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் யோசித்தார். "கேட்டா பேசாத பிள்ளைங்க, தப்பா சொன்னா திருத்த வந்துடும்ண்ணா. நாளைக்கு இங்க வந்து எல்லாருக்கும் நாலு பொய் சொல்லுங்க."

பொய் சொல்ல அழைப்பு! என் வாழ்நாளில் கிடைத்த முதல் அரசு மரியாதை.

பிப்ரவரி 14

தினம் காலை ஒரு மணி நேரம், பதினோரு குழந்தைகள். ஒகேனக்கல் முதலை என்னிடம் பல்லுக்கு பேஸ்ட் கேட்டது. பூனை பஸ் ஓட்டியது. நான் தென்னை மரத்தை முழுங்கினேன்.

"பூனை பஸ் ஓட்டாது!" "டிரைவர்தான் பஸ் ஓட்டுவாரு!" "மாமா வாய் சின்னது!"

கலைமதிதான் எல்லோருக்கும் முன்னால் கையை ஆட்டிக்கொண்டு எழுகிறாள்.

மார்ச் 2, ஞாயிறு

அங்கன்வாடி இல்லை. இருந்தாலும் பொய்யும் மறுப்புமாய் வீடு கிடுகிடுத்தது. மதியம் அவள் தூங்கிவிட்டாள். திடீரென்று அப்படி ஒரு நிசப்தம். இவள் வருவதற்கு முன் தினமும் இப்படித்தானே இருந்தது? இந்த நிசப்தத்துக்குள் எப்படி இருந்தேன்? — தெரியவில்லை. டிவியைப் போட்டேன்.

மார்ச் 19

இன்று அவள் "பந்து" என்றாள். ஒரே சொல். ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். பொய் சொல்லவில்லை, கேள்வி கேட்கவில்லை.

மார்ச் 20

இன்றும்.

மார்ச் 22

டீச்சர் கேட்டார்: "ஏன்ண்ணா, பாப்பா மறுபடி ஒத்த வார்த்தைக்குப் போயிடுச்சு? வூட்ல பேச்சுக் குடுக்கறீங்கதானே?"

"குடுக்கறேங்க," என்றேன். யானை இட்லி தின்றதைவிடப் பெரிய பொய்.

பேசத் தெரிந்தால் ஜூனில் போய்விடுவாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு வருசம். கணக்கு அவ்வளவுதான். அட பாவி, தீர்த்தகிரி! பிள்ளை வாயை அடைத்தா நீ வூட்டை நிரப்பப் பார்க்கிற?

ஏப்ரல் 6, ஞாயிறு

மணிமேகலை போன் செய்தாள். கலைமதி என் மடியில்.

"ஏண்ணா, பேசுறாளா?"

"எங்க? ஒத்த வார்த்தைதான். இன்னொரு வருசம் இங்கயே இருக்கட்டும். இங்க அவளுக்கு என்ன கொற? வூடு நெறைய ஜனம். அக்கம்பக்கம் அல்லாரும் இங்கதான். எனக்கே உக்கார எடம் இல்ல, போ."

மடியிலிருந்து குரல் வந்தது.

"வூட்ல யாரும் இல்ல."

வாயைப் பொத்தப் போனேன். கையைத் தள்ளிவிட்டாள்.

"மாமா மட்டும் இருக்குது. மாமா டிவிகிட்ட பேசுது. டிவி பேச மாட்டேங்குது!"

தங்கை மெதுவாகக் கேட்டாள்: "அண்ணா... இம்மாம் பேசுறாளே. ஏன் மறைச்ச?"

வாயில் ஆயிரம் பதில் வைத்திருப்பவன் நான். போனைக் கலைமதி கையில் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 15

வருசப் பிறப்புக்கு வந்த தங்கையும் மாப்பிள்ளையும் கலைமதியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ராஜா ஷிப்டு மாற்றி வாங்கிவிட்டாராம். தங்கை என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பதினேழு பஸ் வரிசையாக நின்று எங்களுக்கு சல்யூட் அடித்தன. நான் அழவேயில்லை.

ஏப்ரல் 16

இரண்டு மோட்டார் முடித்தேன்.

ஏப்ரல் 27

மோட்டார் ஒன்று. யாரும் வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

எல்கேஜியில் மிஸ் பேர் கேட்டாராம். இவள் தன் பேர், அப்பா பேர் எல்லாம் சொல்லிவிட்டு, "எனக்குப் பசிக்குது" என்று டப்பாவைத் திறந்துவிட்டாளாம். மணிமேகலை போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். நல்லது. ரொம்ப நல்லது.

கலைமதி போன பிறகு நான் அங்கன்வாடிப் பக்கம் போகவில்லை. என்ன சொல்லிக்கொண்டு போவது? இன்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன்.

"ஃபேன்ல சத்தம் வருதாமே. மேலிடத்து உத்தரவு, பார்க்கச் சொன்னாங்க."

"ஃபேன் நல்லாத்தாங்கண்ணா சுத்துது."

"அப்ப மோட்டாரு?"

"இங்க மோட்டாரே இல்லீங்களே."

திரும்பினேன். வாசல் வரை போனேன். மறுபடி வந்தேன்.

"டீச்சர்," என்றேன். "எனக்கு வூட்ல தனியா இருக்க முடியலீங்க. தெனமும் இங்க வரட்டுங்களா?"

"செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்கண்ணா," என்றார்.

இதுவரை இந்த நோட்டில் எழுதிய மாமன்னன், பிளந்த பூமி, பதினேழு பஸ், அழாத கண் எல்லாம் சுத்தப் புளுகு; யாரும் நம்ப வேண்டாம். டீச்சரிடம் கேட்ட அந்த இரண்டு வரி மட்டும் நிஜம். ஒரு சொல்கூடக் கூட்டி எழுதவில்லை.