ரோந்தாவா ஷாவெனா என்று கேட்ட மகனுக்கு

ஷாவென்

அன்பு மகன் முஃபத்தலுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உயிரும் நாக்கும் நல்லபடியாக இருக்கின்றன, முழங்கால்தான் ஏறும்போது ஒன்று இறங்கும்போது ஒன்று சொல்கிறது. ஆண்ட்வெர்ப் குளிரில் நீயும் லீஸ்பெத்தும் என் பேத்தி நூரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை பிந்திவிட்டது, ஆலிவ் சுமார்தான், பக்கத்து வீட்டு ஷாமாவின் ஆடு குட்டி போட்டிருக்கிறது. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. “உம்மா, லீவுக்கு ஒரு மலை ஊருக்குப் போகலாம்னு இருக்கோம், பழைய ஊரா, அழகா, வண்டித் தொல்லை இல்லாம நடந்தே சுத்துற மாதிரி இருக்கணும், ஸ்பெயின்ல ரோந்தாவா இல்ல நம்ம ஷாவெனா, எது நல்லாருக்கும்” என்றாய். பிறந்த ஊரைச் சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி பார்க்கிறானே என்று சுருக்கென்றது. ஆனாலும் நம்ம ஷாவென் என்றதும் வீட்டுக்குத்தானே வருவாய் என்று பூரித்துப்போனேன். அடுத்த மூச்சிலேயே ஷாமாவின் மகன் தைப் நடத்துகிற விடுதியில் அறை நன்றாயிருக்குமா என்று கேட்டாய். நம் வீட்டு ஏணிப்படி செங்குத்து, கழிப்பறை முற்றத்தில், லீஸ்பெத்துக்குச் சிரமமாம், ஒரு நாள் மதியம் சாப்பிட வருகிறீர்களாம். நம் வீட்டுக்கும் அந்த விடுதிக்கும் நடுவில் ஒரே சுவர், மகனே. அந்தப் பக்கம் நூர் தும்மினால் இந்தப் பக்கம் நான் அல்லாஹ் இரங்கட்டும் என்று யர்ஹமுகில்லாஹ் சொல்லிக்கொண்டு கிடக்க வேண்டும்.

நடந்தே சுற்றுகிற ஊர்தான், அதில் பொய்யில்லை. உன் வாப்பாவுக்கு நெஞ்சு அடைத்த அன்று ஆம்புலன்ஸ் கீழே தார் ரோட்டிலேயே நின்றுவிட்டது, இந்தச் சந்துக்குள் அது எப்படி வரும். தைபும் இன்னும் சிலரும் கம்பளியில் கிடத்திப் படிப்படியாக இறக்கினார்கள். திருப்பத்தில் வாப்பா, “மெதுவாடா, மூட்டையில்ல, மனுசன்” என்றார். கடைசியாகப் பேசியது அதுதான், ரோட்டை எட்டும்போது மூச்சு இல்லை. மறுநாள் அதே படிகளில் வாப்பாவின் சந்தூக்கைத் தோளில் சுமந்து, அடக்கம் செய்ய மேலே கபரஸ்தானுக்கு ஏறினார்கள். முன்தோள் மூத்த மகனுடையது என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உனக்கு லீவு கிடைக்கவில்லை. தைப்தான் அந்த இடத்தில் வந்து நின்றான். “முஃபத்தல் வர்ற வரைக்கும் நான் புடிச்சுக்கறேன் மாமி” என்றான், என்னவோ அடுத்த திருப்பத்தில் நீ வந்து நிற்கப்போகிற மாதிரி. இப்போது நம் ஊர் நீலக் கதவுகளுக்கு முன்னால் நின்று படம் எடுக்க மட்டும் லீவு கிடைக்கிறது. ஷாமா வாய் சும்மா இருக்குமா, “உன் மகன் எங்க வீட்டுக்கு விருந்தாளியா வர்றானாமே ரஹீமு, காலைல அவனுக்கு ரொட்டிய நீ சுடுறியா நான் சுடட்டா” என்றாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதையும் பொறுத்திருப்பேன். அன்று போனை வைக்கும்போது என் வாயிலிருந்து “மர்ஹபா பிக்கும்” என்று வந்துவிட்டது, கவனித்தாயா. வழி தெரியாமல் வாசலில் வந்து நிற்கிற வெளியூர்க்காரனை வரவேற்கச் சொல்கிற சொல் அது. பெற்ற பிள்ளைக்கு இந்த ஊரில் எந்த உம்மாவும் அதைச் சொல்லமாட்டாள், “எங்கடா போய்த் தொலைஞ்சே, வந்து சாப்பிடு” என்றுதான் சொல்வாள். நாக்கு பிசகிவிட்டது. என்ன உம்மா, நான் அந்நியனா என்று நீ சண்டைக்கு வருவாய் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். நீயோ “ரொம்ப நன்றி உம்மா” என்றாய்.

ஆகையால் கேட்டதற்குப் பதில் இதுதான், ரோந்தாவுக்கே போங்கள். அங்கே உனக்காக யாரும் காத்திருக்கவில்லை, நிம்மதியாக நடக்கலாம். லீஸ்பெத் மேல் எனக்குக் கோபமில்லை, அவளுக்கு இந்த ஊரைப் பற்றி என்ன தெரியும், தெரிந்தவன் நீ. நூரைப் பார்க்க மனம் கிடந்து துடிக்கிறது, ஆனால் ஒரு மதியம் வந்து பார்த்துவிட்டுப் போகிற இடங்களில் ஒன்றாக அவள் என்னைத் தெரிந்துகொள்ள வேண்டாம். ஷாவெனுக்கு வருவதானால் குளிர்காலத்தில் வா, படியெல்லாம் வழுக்குகிறபோது, ஒரு வெளியூர் முகம்கூட இல்லாதபோது. அவர்களையும் கூட்டி வா, என் கட்டிலைக் கொடுக்கிறேன், முற்றத்துக்கு விளக்குப் பிடிக்கிறேன். முதலில் மேலே ஏறிப் போய் வாப்பாவின் கபரில் நின்று துஆ கேள், அப்புறம் வீட்டுக்கு வா.

அல்லாஹ் உங்கள் மூவரையும் காப்பானாக, உன் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக, ஆமீன். நூருக்கு இருமல் என்றாயே, தேனை வெந்நீரில் கலந்து கொடு, வெறும் வயிற்றில் வேண்டாம். இந்தக் கடிதத்தை லீஸ்பெத்துக்குச் சொல்லும்போது சர்க்கரை போட்டுச் சொல்லாதே. இன்னொன்று, வருகிற தேதியை எனக்கு முன்கூட்டிச் சொல்லாதே, நீ வராமல் போனால் அதைத் தாங்க இனி எனக்குத் தெம்பில்லை.

இப்படிக்கு,
உன் உம்மா
ரஹீமு