நெசவுக் கொட்டிலுக்கு இன்னொரு கதவு

1957 பெப்ரவரி 12, செவ்வாய்.

இன்று பட்டின சபைப் பரிசோதகர் வந்து என் நெசவுக் கொட்டிலைப் பார்த்தார். தென்னோலைக் கிடுகுக் கூரை, மூலை நிறைய நூல் கட்டு, ஒரே ஒரு கதவு. அதற்கும் வெளியால் நாதாங்கி போட்டிருந்தேன். உள்ளே பெண்கள் நெய்கிறார்கள், கண்டவனும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று தினமும் போடுவதுதான்.

"நெருப்புப் பிடிச்சா இவங்க எதால வெளிய வாற?" என்றார்.

"லைசன்ஸ் காசு கட்டியாச்சே" என்றேன்.

"காசு கட்டினா நெருப்பு வராதா? றோட்டுப் பக்கம் இன்னொரு கதவு வைங்க."

"ஏலா. பொண்டுகள்ற மானம் மரியாதை இருக்கு."

தறியில் இருந்த சுபைதா முக்காட்டை இழுத்துவிட்டு எழும்பினாள். எட்டு வருசமாக என்னிடம் நெய்கிறவள். காக்கா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவாளே தவிர, முகம் பார்த்துக் கதைத்ததில்லை.

"கதவ வைங்க காக்கா. நாதாங்கி போடுற சத்தம் கேட்டா எங்களுக்கு நெஞ்சு படபடக்கும்."

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே."

மற்றத் தறிகளும் நின்றுவிட்டன. பரிசோதகரிடம் ஓம், வைக்கிறேன் என்றேன். பின்னேரம் நாதாங்கியை நானே கழற்றினேன். கதவு வைக்க நாளைக்கு மேசன் வருவான்.

றோட்டுப் பக்கம் ஏன் கதவு என்று பள்ளிவாசலில் கட்டாயம் கேட்பார்கள். நாதாங்கிச் சத்தத்தைப் பற்றிச் சுபைதா சொன்னதையே சொல்லலாம் என்றிருக்கிறேன்.