நீ தூங்கவில்லை என்று சொல்லிவிட்டேன்

இன்றைக்கு மத்தியானம் சர்ச் ஹாலில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஒத்திகை. நான் கீபோர்டை மேசையில் வைத்துக்கொண்டிருந்தேன். புதிதாக லைட் போர்டில் உட்காரும் பெண், பையிலிருந்து ஒரு கறுப்பு ஒயரை எடுத்தாள். இரண்டு முனையிலும் வட்டமான தலை, உள்ளே ஊசி ஊசியாக இருந்தது. "அங்கிள், உங்க கீபோர்டையும் போர்டையும் இதுல சேத்துட்டா, நீங்க ஒரு கட்டைய அமுத்துனா போதும், லைட் தானா மாறும். சூப்பரா இருக்கும், அல்வா?" என்று பாதிக் கன்னடத்தில் கேட்டாள். தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பெண், கெட்டிக்காரி. அந்த ஒயரைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது, முன்பு அதே போர்டில் உட்கார்ந்த உன்மேல் கோபம்தான்.

இதே மாதிரி ஒயரைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நீ என் வீட்டுக்கு வந்தாயே, ஆராதனை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொடுத்த காபியை நீ கையில் வாங்கவில்லை, கீழே வைக்கச் சொன்னாய். பிறகு வலது கையை நீட்டிக் காட்டினாய். நடுங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாடா இது?"

"இன்னாவோ, கொஞ்ச நாளா இப்டிதான் கீது. போர்டுல கைய வெச்சா மேடையில சூரியன் விக்கல் எடுக்குது" என்று சிரித்தாய். உடனே சிரிப்பு நின்றுவிட்டது. "வெளிய தெரிஞ்சா எவன்டா என்னை ஏணி மேல ஏத்துவான்?"

நம் சுரங்க ஊர் சாம்பியன் ரீப்ஸில் பாதி வீட்டுக்கு ஒயரிங் செய்தவன் நீ. அந்த வேலை நின்றால் உன் வீட்டு அடுப்பும் நின்றுவிடும். டாக்டரிடம் போகலாம் என்றேன். போகிறேன் போகிறேன் என்றாயே தவிர, போகவில்லை.

கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நம்பர் உண்டு, அமுக்கினால் அந்த நம்பர் ஒயர் வழியாகப் போகும், எந்த நம்பர் வந்தால் எந்த லைட் என்று போர்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிடலாம் என்று நீதான் எனக்கு விளக்கினாய். இடது ஓரத்துக் கட்டைகளில் சத்தம் வராதபடி செய்து, அவற்றை விளக்குக்கென்று ஒதுக்கினோம். "சுரங்க ஷாஃப்ட்ல கீழ இருக்கிறவன் பெல் அடிப்பான், மேல இன்ஜின்காரன் ஆளுங்க ஏறுற கேஜ தூக்குவான். ஒருத்தன் மூஞ்சி ஒருத்தனுக்குத் தெரியுமா இன்னா? நீ பெல் அடி, போதும்" என்றாய்.

அந்த வருஷ நாடகத்தில் நீ கையைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு போர்டுக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தாய். லைட் என்ன அருமை என்று எல்லாரும் உன்னைப் பாராட்டினார்கள். விரல் வலித்தது எனக்கு, சால்வை உனக்கு. வீடு வருகிற வரைக்கும் இரண்டு பேரும் சிரித்தோம்.

அடுத்த வருஷம்தான் ராஜாண்ணன் விழுந்தார். பாட்டுக் குழுத் தலைவர், எப்போதும் ராஜா வேஷம் அவருக்குத்தான், அதனால் அந்தப் பெயர். மேல்படியில் நின்று அவர் பாட வேண்டும், பாட்டு முடிந்ததும் பொழுது விடிகிற வெளிச்சத்தில் இறங்கி வர வேண்டும். அவருக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. இடைவேளையில் நான் டீ குடிக்கப் போயிருந்தபோது, அவரே வந்து என் கீபோர்டில் சுருதியை அரைக்கட்டை இறக்கி வைத்துவிட்டார். வாசிக்க ஆரம்பித்ததும் என் காதுக்குத் தெரிந்தது. பாவம், தொண்டைக்கு நல்லது என்று விட்டுவிட்டேன். சுருதியோடு சேர்ந்து ஒயரில் போகிற நம்பரும் இறங்கும் என்பது நம் இருவருக்குமே தெரியாது. நான் விடியலுக்கான கட்டையை அமுக்கினேன். போர்டுக்குப் போனது பக்கத்துக் கட்டையின் நம்பர், மேடையை இருட்டாக்குகிற நம்பர். எல்லா விளக்கும் அணைந்தது. இருட்டில் அவர் காலை எடுத்து வைத்தார்.

பலகையில் அவர் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. யாரோ டியூப்லைட்டைப் போட்டார்கள். நான் கீபோர்டைப் பார்த்தேன், நடந்தது புரிந்தது, உன்னிடம் ஓடி வந்து சொன்னேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். உன் நடுக்கத்தில் என் கையும் ஆடியது.

"சொல்லாத. ஒயருன்னா ஏன் ஒயருன்னு கேப்பானுங்க. நான் தூங்கிட்டேன்னு சொல்லிக்கிறேன்."

"அசிங்கம்டா."

"அசிங்கம் பரவால்ல. கை போச்சுன்னு மட்டும் தெரிய வேணாம்."

சொன்னபடியே கூட்டத்துக்கு நடுவில் போய், தூங்கிவிட்டேன் என்று சத்தமாகச் சொன்னாய். வாங்கிய திட்டுக்கெல்லாம் தலையைக் குனிந்து நின்றாய். பிறகு நாடகத்துப் பக்கமே நீ வரவில்லை. ஒயரிங் வேலைக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தாய், போன வருஷம் நெஞ்சுவலி வந்து சாகிற வரைக்கும். உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில்கூட யாரோ அந்தத் தூக்கக் கதையைச் சொன்னார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இன்று அந்தப் பெண் ஒயரை மாட்டும்போது ராஜாண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். "நல்லா பண்ணும்மா. மிஷின் தூங்காது. முன்ன ஒருத்தன் இருந்தான், குறட்ட வுட்டு என் கால ஒடச்சான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். உனக்கு வெட்கமாக இருந்த காரியத்துக்கு அவளுக்குப் பாராட்டு, உனக்குக் குறட்டை. என்னால் தாங்க முடியவில்லை.

"அவன் தூங்கலண்ணே. சுருதிய எறக்குனது நீங்க" என்றேன்.

உன் கை, ஒயர், நம்பர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ராஜாண்ணன் கீபோர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுவார், ஒரு 'ச்சே'யாவது வரும் என்று காத்திருந்தேன்.

"கை நடுங்கிச்சா? எப்பலேர்ந்து?"

சொன்னேன்.

"எங்க மாடி ஒயரிங்கு அப்பதானேடா பண்ணான்" என்றார். அங்கேயே நின்று மகனுக்குப் போன் போட்டார். வேறு ஒயரிங் ஆளைக் கூட்டி வந்து வீட்டை முழுக்கப் பார்க்கச் சொன்னார்.

அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதுதான் என்னை அரிக்கிறது. இந்த ஊரை நீ சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தாய். தூங்குமூஞ்சி என்ற பெயரைத் துடைக்கப் போய், நீ அசிங்கப்பட்டுக் காப்பாற்றின, நல்ல ஒயரிங்காரன் என்ற பெயரை நான் கெடுத்துவிட்டேன். இனி பாதி சாம்பியன் ரீப்ஸ் சுவிட்சைப் போடும்போது உன் கையை நினைத்துப் பயப்படும்.

சொன்னது சரியா தப்பா என்று உன்னைத்தான் கேட்க வேண்டும். நீ திட்டினால் வாங்கிக்கொள்வேன். திட்டத்தான் ஆள் இல்லை.